ஏசி: இந்த இரண்டெழுத்து எங்கே என்ன சொல்கிறது? கண்டுபிடிக்கும் முறை

‘ஏசி’ என்று தமிழில் எழுதினால் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது சுவரில் மாட்டிய குளிர்சாதனம். அடுத்தபடியாக மின்சாரம். இரண்டுக்கும் முந்தியது நம்முடைய சொந்த வினையெச்சம்: ‘நன்றாக ஏசி அனுப்பினார்’ என்றால் யாரும் ரிமோட்டைத் தேட மாட்டார்கள். ஆனால் இதே இரண்டு எழுத்து மருந்துச் சீட்டிலும், காசோலையிலும், கால்குலேட்டர் பொத்தானிலும், கர்ப்பகால ஸ்கேன் அறிக்கையிலும், ரௌட்டர் பெட்டியின் மேலும், வேதியியல் புத்தகத்திலும், இத்தாலிய அருங்காட்சியகத்தின் விளக்கப் பலகையிலும் வரும். ஒவ்வோரிடத்திலும் பொருள் வேறு. சில இடங்களில் தவறாகப் படித்தால் சிரித்துவிட்டுப் போகலாம். சில இடங்களில் கருவி புகையும், மருந்து வேலை செய்யாது.

தமிழில் படிப்பவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ரோமன் எழுத்தில் இந்தச் சுருக்கத்தின் பொருளைக் காட்டிக்கொடுப்பவை எழுத்துகள் அல்ல, அவற்றைச் சுற்றியுள்ள சில்லறை அடையாளங்கள்: பெரிய எழுத்தா சின்ன எழுத்தா, நடுவில் புள்ளியா சாய்கோடா, முன்னால் எண்ணா பின்னால் எண்ணா. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ‘ஏசி’ என்று பெயர்த்து எழுதியதும் அந்த அடையாளங்கள் அத்தனையும் கழுவிவிட்டதுபோல் போய்விடுகின்றன. ஆகவே தமிழ்ப் பெயர்ப்பை வைத்துக்கொண்டு பொருள் தேடாதீர்கள். மூலத்தில் அது எப்படி அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பதில்தான் தொடங்க வேண்டும்.

படி 1: வடிவத்தைப் பாருங்கள்

இரண்டும் பெரிய எழுத்து, புள்ளியோ கோடோ இல்லை என்றால் மின்சாரம், குளிர்சாதனம், கால்குலேட்டர், ரௌட்டர், விமான எண் என்று பல வழி திறந்திருக்கும். அடுத்த படிக்குப் போக வேண்டியதுதான். நடுவில் சாய்கோடு இருந்தால் வட்டம் சுருங்கும்: வங்கிக் கணக்கு, குளிர்சாதனம், விமானம் (ஏர்கிராஃப்ட்) ஆகிய மூன்றில் ஒன்று. இரண்டும் சின்ன எழுத்து, இரண்டுக்கும் புள்ளி என்றால் அநேகமாக மருந்துச் சீட்டின் லத்தீன். முதல் எழுத்து பெரியது, இரண்டாவது சின்னது, புள்ளி இல்லை என்றால் வேதியியல். இதைத் தலைகீழாக்கி, முதலெழுத்து சின்னது, இரண்டாவது பெரியது, இரண்டுக்கும் புள்ளி என்று வந்தால் ஆண்டுக் கணக்கு. முன்னால் ஓர் எண், பின்னால் சின்ன எழுத்தில் இரண்டும் ஒட்டி வந்தால் ஏக்கர்.

கையெழுத்தில் இந்த விதிகள் தளரும். மருத்துவர்கள் புள்ளி வைக்க மறப்பார்கள், கணக்கர்கள் சாய்கோட்டை விட்டுவிடுவார்கள். அப்போது இரண்டாம் படிதான் கைகொடுக்கும்.

படி 2: பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

சுருக்கெழுத்து தனியாக வருவது அரிது. பக்கத்தில் வோல்ட், ஹெர்ட்ஸ், ஆம்பியர் இருந்தால் மின்சாரம். டன், பிடியூ (வெப்பத்தின் அலகு) இருந்தால் குளிர்சாதனம். மில்லிகிராம், ‘நாளைக்கு மூன்று வேளை’ என்றால் மருந்து. பிபிடி (தலையின் அகலம்), எச்சி (தலைச் சுற்றளவு), எஃப்எல் (தொடை எலும்பு நீளம்) என்ற மூன்றும் கூடவே வந்தால் அது கருவின் அளவு.

பக்கத்துத் துணையின் வலிமையைப் பார்க்கக் கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஏசி’, ‘சி’ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும் கருவியில் ஏசி என்பது ‘ஆல் கிளியர்’: மொத்தக் கணக்கையும் அழிக்கும். ‘சி’ கடைசியாகத் தட்டிய எண்ணை மட்டும் அழிக்கும். ஆனால் ‘சி’, ‘சிஇ’ என்று இருக்கும் கருவியில் அதே ‘சி’ மொத்தத்தையும் அழித்துவிடும். கடைசி எண்ணை மட்டும் நீக்குவது ‘சிஇ’. பொத்தான் மாறவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் மாறினார், அவ்வளவுதான். நீண்ட பட்டியலைக் கூட்டும்போது நடுவில் ஓர் எண் தவறிப்போய், தெரியாத கருவியில் ‘சி’யை அழுத்தி மொத்தத்தையும் இழப்பது இதனால்தான். புதுக் கருவி என்றால் முதலில் 5 கூட்டல் 3 என்று தட்டிவிட்டுச் சோதித்துப் பாருங்கள். இன்னொன்று: ஏசியை அழுத்தினாலும் பெரும்பாலான கருவிகளில் நினைவகத்தில் சேமித்த எண் அழியாது. அதற்கு ‘எம்சி’ பொத்தான் தனி.

படி 3: விரிவைப் பொருத்தி வாசியுங்கள்

ஊகித்த பொருளை அந்த இடத்தில் முழுச்சொல்லாக வைத்து வாக்கியத்தைப் படியுங்கள். இடறினால் ஊகம் தவறு. மருந்து, மின்சாரம், பணம் ஆகிய மூன்றிலும் வாக்கியம் இடறாவிட்டாலும் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இனி, அதிகம் எதிர்ப்படும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மின்சாரத்தில் ஏசி

விரிவு: ஆல்டர்னேட்டிங் கரண்ட். தமிழகப் பாடநூல்கள் மாறுதிசை மின்னோட்டம் என்கின்றன, இலங்கையில் ஆடலோட்டம். இலங்கைச் சொல் குட்டையாகவும் அழகாகவும் இருக்கிறது; மின்னோட்டம் உண்மையிலேயே முன்னும் பின்னும் ஆடத்தான் செய்கிறது. (‘ஏசி கரண்ட்’ என்று சொல்லும்போது கரண்ட்டை இரண்டு முறை சொல்கிறோம். எல்லா மொழியிலும் நடப்பதுதான்.)

50 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 50 முழுச் சுழற்சி, அதாவது திசை 100 முறை மாறுகிறது. உலகின் பெரும்பகுதியில் 50 ஹெர்ட்ஸ், 230 வோல்ட் அல்லது அதையொட்டிய அளவு. வட அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், 120 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். கிழக்குப் பகுதி 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பகுதி 60 ஹெர்ட்ஸ். 230 என்பதும் உச்ச அளவு அல்ல. அது வெப்பமாக்கும் திறனை வைத்துக் கணக்கிட்ட ஒருவகைச் சராசரி. அலையின் உச்சி ஏறத்தாழ 325 வோல்ட்டைத் தொடும்.

1832-இல் பிரான்ஸின் இப்போலிட் பிக்ஸி காந்தத்தைச் சுழற்றி மின்னாக்கம் செய்தபோது வந்தது இந்த ஆடலோட்டம்தான். அப்போது அதை யாரும் விரும்பவில்லை. இயற்பியலாளர் ஆம்பியரின் யோசனைப்படி ஒரு திசைமாற்றியைப் பொருத்தி, ஒரே திசையில் ஓடும் நேரோட்டமாக்கினார்கள். அரை நூற்றாண்டு கழித்து நிலைமை திரும்பியது. எடிசன் 1882-இல் நியூயார்க்கில் நேரோட்டத்தால் விளக்கேற்றினார். ஆனால் நேரோட்டத்தின் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்க அன்று எளிய வழியில்லை. ஆடலோட்டத்துக்கு மின்மாற்றி இருந்தது: அழுத்தத்தை ஏற்றினால் ஓட்டம் குறையும், கம்பியில் வெப்பமாக வீணாவது ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப என்பதால் இழப்பு வெகுவாகச் சரியும். டெஸ்லாவின் 1888 மோட்டார் காப்புரிமைகளைத் தொழிலதிபர் வெஸ்டிங்ஹவுஸ் வாங்கினார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் ஆடலோட்ட விளக்குகள் எரிந்தன. 1896-இல் நயாகராவின் மின்சாரம் பஃபலோ நகரத்தை எட்டியது. ஏசி, டிசி (டைரக்ட் கரண்ட், நேரோட்டம்) என்ற ஜோடிச் சுருக்கங்கள் பொதுப் பேச்சில் வேரூன்றியது இந்தப் போட்டியால்தான்.

அடாப்டரின் லேபிளைப் படிக்கும்போது ஏசி என்ற எழுத்தையே தேடிக்கொண்டிருக்காதீர்கள். பெரும்பாலும் அதற்குப் பதில் குறிதான் இருக்கும். ஓர் அலைக்குறி (~) ஏசி. ஒரு நேர்கோடும் அதன் கீழே மூன்று துண்டுக் கோடுகளும் டிசி. பார்க்க வேண்டிய வரிசை இது:

1. ‘இன்புட்’ வரியில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் எந்த நாட்டு மின்சாரத்திலும் போடலாம், பிளக்கின் வடிவம் மட்டும் பொருந்த வேண்டும். 120 மட்டும் இருந்தால் 230 வோல்ட்டில் போடவே கூடாது.
2. ‘அவுட்புட்’ வரியில் எந்தக் குறி? பெரும்பாலும் டிசி. ஆனால் அழைப்புமணி, சில பழைய மோடம், இசைக்கருவிகளோடு வரும் சில அடாப்டர்கள் ஏசியையே அழுத்தம் குறைத்து வெளியே விடும். டிசி எதிர்பார்க்கும் கருவியில் முனை பொருந்துகிறதே என்று இதைச் செருகினால் உள்ளே இருக்கும் மின்பகு மின்தேக்கிகள் தலைகீழ் அழுத்தம் தாங்காமல் வீங்கும், சில சமயம் வெடிக்கும்.
3. வோல்ட் அளவு கருவி கேட்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் கருவி கேட்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.
4. டிசி என்றால் முனையின் நடுவில் கூட்டலா கழித்தலா என்று காட்டும் சிறு படத்தையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரில் இந்த எழுத்தைத் தவறாகப் படிப்பது உயிராபத்து. முகப்பை டிசியில் வைத்துக்கொண்டு சுவர் பிளக்கை அளந்தால் திரையில் சுழியமோ அதை ஒட்டியோ காட்டும். ஓட்டம் இருபுறமும் சமமாக ஆடுவதால் சராசரி சுழியம். ‘மின்சாரம் இல்லை’ என்று நம்பிக் கை வைத்தால் 230 வோல்ட். அதனால் அளக்கும் முன் மீட்டரை அலைக்குறி உள்ள வோல்ட் பகுதிக்குத் திருப்பி, மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

குளிர்சாதனத்தில் ஏசி

விரிவு ஏர் கண்டிஷனர். சாய்கோட்டோடும் எழுதுவார்கள், கோடில்லாமலும் எழுதுவார்கள். 1902-இல் வில்லிஸ் கேரியர் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக முதல் நவீன அமைப்பை வடிவமைத்தார். அங்கே யாருக்கும் வேர்க்கவில்லை என்பதல்ல, ஆனால் பிரச்சினை அதுவன்று. காற்றின் ஈரத்தில் தாள் விரிந்து சுருங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கும் வண்ணங்கள் விலகிப்போயின. ஏர் கண்டிஷனிங் என்ற பெயரைச் சூட்டியவர் அவரும் அல்லர். 1906-இல் ஸ்டூவர்ட் கிரேமர் என்ற நூற்பாலைப் பொறியாளர். நூலின் ஈரப்பதத்தைச் சரிசெய்வதை ஆலைகளில் ‘கண்டிஷனிங்’ என்பார்கள். அவர் அந்தச் சொல்லைக் காற்றுக்குப் பொருத்தினார். ஆக, இந்தச் சுருக்கத்தில் குளிர் என்ற சொல்லே இல்லை. ‘குளிர்சாதனம்’ என்ற நம் சொல் பாதி வேலையைத்தான் சொல்கிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல, காரில் உதவும். மழை நாளில் முன்கண்ணாடி உட்புறம் பனித்துவிட்டால், வெளியே குளிராக இருந்தாலும், ‘ஏ/சி’ பொத்தானை அழுத்துங்கள். அது கம்ப்ரசரை ஓட்டிக் காற்றின் ஈரத்தை இழுத்துவிடும், கண்ணாடி தெளியும். விசிறியை மட்டும் கூட்டினால் ஈரக் காற்றே சுற்றிக்கொண்டிருக்கும்.

‘டன்’ என்பது கருவியின் எடை அல்ல. 2,000 பவுண்டு பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பத்தின் வேகம் அது: மணிக்கு 12,000 பிடியூ, ஏறத்தாழ 3.5 கிலோவாட். ஒன்றரை டன் என்றால் அறையிலிருந்து ஏறத்தாழ 5.3 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும். மின்சாரச் செலவும் அவ்வளவு என்று பயப்பட வேண்டாம். செலவு தனி வரியில் வாட் கணக்கில் இருக்கும், அது இதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் வரும். குழப்பத்துக்கு இன்னொரு சுவை: இன்வெர்ட்டர் ஏசியின் உள்ளே, வீட்டுக்கு வரும் ஏசி டிசியாகி, பின் வேறு அதிர்வெண்ணில் மறுபடி ஏசியாகிக் கம்ப்ரசரை ஓட்டுகிறது. ஒரே வாக்கியத்தில் இரண்டு ஏசி!

மருந்துச் சீட்டிலும் மருத்துவ அறிக்கையிலும்

மருந்தின் பெயருக்குப் பின் சின்ன எழுத்தில், புள்ளிகளோடு வந்தால் லத்தீன்: ஆன்டே சிபம், உணவுக்கு முன். இதன் ஜோடி பி.சி., போஸ்ட் சிபம், உணவுக்குப் பின். ‘முன்’ என்றால் எத்தனை நிமிடம் முன் என்பதை இந்தச் சுருக்கம் சொல்வதில்லை. மருந்துக்கு மருந்து அது மாறும். தைராய்டு குறைவுக்கான லெவோதைராக்ஸினைக் காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன் வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்வார்கள். உணவு கூட இருந்தால் மருந்து குடலில் சரியாக உறிஞ்சப்படாது. ஒமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பிகளை அரைமணி முன்னதாக எடுக்கச் சொல்வதற்குக் காரணம் வேறு: சாப்பிடும்போதுதான் வயிற்றின் அமில பம்புகள் வேலையைத் தொடங்குகின்றன, அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும். சிலவகை இன்சுலினை இலை முன்னால் உட்காரும்போதுதான் போட வேண்டும். அதை ஒரு மணி நேரம் முன்னால் போட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். ஆகவே சீட்டைக் கையில் வாங்கியதும் கேட்க வேண்டியது ‘முன்னா பின்னா’ என்றல்ல, ‘எத்தனை நிமிடம் முன்’ என்று.

மருத்துவத்துக்குள்ளேயே வேறு ஏசிகளும் உண்டு. கர்ப்பகால ஸ்கேனில் அது கருவின் வயிற்றுச் சுற்றளவு. பக்கத்தில் தலைச் சுற்றளவு, தொடை எலும்பு நீளம் இருக்கும். தோள்பட்டை எக்ஸ்ரேயில் அக்ரோமியோகிளாவிக்குலர் மூட்டு. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக் கோப்பில் அட்ரியாமைசின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற இரண்டு மருந்துகளின் முதலெழுத்து. சர்க்கரைப் பதிவேட்டில் மறுபடியும் உணவுக்கு முன். எச்பிஏ1சி என்ற சர்க்கரை நோய்ச் சோதனையின் பெயரில் வரும் ஏ1சி மட்டும் இந்தக் குடும்பமே அல்ல, அது ஹீமோகுளோபினின் ஒரு வகையின் பெயர்.

ஒரே சுருக்கம் நாட்டுக்கு நாடு மாறுவதும் உண்டு. ‘ஓடி’ பிரிட்டிஷ் வழக்கில் நாளுக்கு ஒருமுறை, அமெரிக்க வழக்கில் வலது கண். வெளிநாட்டுச் சீட்டை உள்ளூர் வழக்கப்படி படித்துவிடக் கூடாது.

காசோலையில்

பிரிட்டிஷ் வங்கிமுறையைப் பின்பற்றும் நாடுகளில் காசோலையின் இடது மேல் மூலையில் இரண்டு இணைகோடுகள் இழுத்து, நடுவே ‘ஏ/சி பேயீ’ என்று எழுதுவார்கள். இங்கே ஏசி என்றால் அக்கவுன்ட், கணக்கு. பெயர் எழுதப்பட்டவரின் கணக்கில்தான் பணம் சேர வேண்டும், கவுன்டரில் ரொக்கமாகத் தரக்கூடாது என்று வங்கிக்கு இடும் கட்டளை அது. கோடு போடும் அவசரத்தில் பெயர் வரியைக் காலியாக விட்டுவிட்டால் பாதுகாப்பே இல்லை. கிடைத்தவர் தன் பெயரை எழுதிக்கொள்வார். பெயரைக் கணக்கில் உள்ளபடியே எழுதாவிட்டால் காசோலை திரும்பலாம். ‘மேற்பார்வை’ என்பதற்கு முகவரியில் சி/ஓ என்று எழுதுவதும் இதே சாய்கோட்டு மரபுதான். இந்த ஏ/சி-க்கு யூனிகோடில் 2100 என்ற இடத்தில் ஒற்றை எழுத்தாகவே குறி ஒதுக்கியிருக்கிறார்கள்.

சுருக்கமே அல்லாத ஏசி

வைஃபை ரௌட்டரில் 802.11 என்ற எண்ணுக்குப் பின் வரும் ஏசிக்கு விரிவு தேடி அலையாதீர்கள், கிடையாது. அந்தத் தரத்தில் வந்த திருத்தங்களுக்கு ஏ, பி, சி என்று வரிசையாக எழுத்திட்டு, இசட் வரை போய், பிறகு ஏஏ, ஏசி என்று தொடர்ந்தார்கள் (குழப்பம் தரும் சிலவற்றை இடையில் விட்டுவிட்டார்கள்). 2013 இறுதியில் இது ஒப்புதல் பெற்றது. 2018-இல் ‘வைஃபை 5’ என்று எளிய பெயர் வைத்தார்கள். பெட்டியில் ‘ஏசி1200’ என்றிருந்தால் 1200 மெகாபிட் வேகம் கிடைக்கும் என்று நம்பிவிடுவது வழக்கமான ஏமாற்றம். 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி மேல்நோக்கி முழுமையாக்கிய எண் அது. ஒரு போன் ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றில்தான் இணையும். அதுவும் ஏட்டளவு வேகம்.

இணைய முகவரியிலும் ஒரு பொறி. நாட்டுக் குறியீட்டுக்கு முன்னால் வரும் ‘.ஏசி’ கல்வி நிறுவனத்தைக் காட்டும்: பிரிட்டனில் ‘.ஏசி.யூகே’ என்று முடியும் பல்கலைக்கழக முகவரிகள்போல. ஆனால் முகவரி ‘.ஏசி’ என்றே முடிந்தால் அது அட்லாண்டிக்கில் உள்ள அசென்ஷன் தீவின் குறியீடு. அந்த ஈற்றைத் தனியாரும் பணம் கட்டிப் பதியலாம். கடைசிப் பகுதியைப் பார்க்காமல் ‘ஏசி இருக்கிறது, கல்லூரிதான்’ என்று நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்.

மற்ற இடங்கள், சுருக்கமாக

தனிம அட்டவணையில் 89-ஆம் தனிமம் ஆக்டினியம். 1899-இல் ஆந்த்ரே தெபியெர்ன் கண்டறிந்தார், பெயர் ‘கதிர்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து. ஆனால் கரிம வேதியியல் வாய்பாட்டில் அதே வடிவம் அசிட்டைல் தொகுதி, லத்தீனில் காடி என்ற பொருள் தரும் சொல்லின் வழிவந்தது. வினிகர் பற்றிய பாடத்தில் கதிரியக்கத் தனிமம் வராது என்ற பொதுப்புத்தி போதும். விமான எண்ணுக்கு முன் வந்தால் ஏர் கனடா. நிலப் பத்திரத்தில் 4,047 சதுர மீட்டர் கொண்ட ஏக்கர். பிரேசில் வரைபடத்தில் வந்தால் ஆக்ரே மாநிலம். ஏசி மிலான் அணியின் ஏசி, இத்தாலிய மொழியில் கால்பந்துச் சங்கம்.

வரலாறு படிப்பவர்கள் நின்று கவனிக்க வேண்டியது ஒன்று. இத்தாலிய, ஸ்பானிய, போர்த்துகீசிய நூல்களில் ‘500 ஏ.சி.’ என்பது கி.மு. 500. ஏ என்பது அங்கே ‘முன்’ என்ற சொல்லின் முதலெழுத்து, சி என்பது கிறிஸ்து. ஆங்கிலப் பழக்கத்தில் அந்த ஏயை ‘ஆஃப்டர்’ என்று படித்துவிட்டால் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிசகும். கி.பி.க்கு அங்கே டி.சி. இதையும் மின்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

தமிழில் எழுதும்போது

முதல் முறை வரும் இடத்தில் சொல்லையே எழுதுங்கள்: உணவுக்கு முன், ஆடலோட்டம், கணக்கு, வயிற்றுச் சுற்றளவு. ‘ஏசி’ என்ற சுருக்கத்தை ஒரு கட்டுரையில் ஒரே பொருளுக்கு மட்டும் ஒதுக்கிவையுங்கள். குளிர்சாதனப் பழுது பற்றி எழுதுகிறவர் ‘ஏசியில் ஏசி வரவில்லை’ என்று எழுதினால் பழுதுபார்ப்பவர் மட்டுமே புரிந்துகொள்வார். ‘ஏசிக்கு மின்சாரம் வரவில்லை’ என்றால் எல்லோருக்கும் புரியும். மருந்துக் குறிப்பைப் பெரியவர்களுக்காகத் தமிழில் எழுதி ஒட்டும்போது ‘ஏ.சி.’, ‘பி.சி.’ வேண்டவே வேண்டாம்: ‘காலை 7 மணி, 7.30-க்குச் சாப்பாடு’ என்று மணியோடு எழுதிவிடுங்கள்.